‘காதலர்கள்’: ஒரு பிரெஞ்சுத் திரைப்படம் கடந்து வந்த பாதை

முன்னுரை

பழம்பாடல் ஒன்றைப் பயிலத் தொடங்கும் இலக்கிய மாணவர் முதலில் கேட்க வேண்டிய வினா, ‘நம் கையில் இருக்கும் பாடம் சரியானதுதானா?’ என்பதாகும். ஏடு எழுதியவர் ஓர் அடியை விட்டிருக்கலாம். செல் ஒரு சொல்லை அரித்திருக்கலாம். பிற்காலத்தார் ஒருவர் தமக்குப் பிடிக்காத பகுதியை நீக்கியும் இருக்கலாம். இவற்றையெல்லாம் ஆராய்ந்து, பல சுவடிகளை ஒப்பிட்டு, மூலத்தை நிலைநாட்டிய பின்னரே பொருளாராய்ச்சி தொடங்கும். உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்களின் உழைப்பால் தமிழுலகம் இந்த உண்மையை நன்கு அறியும்.

திரைப்படத்திற்கும் இது பொருந்தும் என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு படம் திரையரங்கை விட்டு நீங்கியதும் அதன் கதை முடிந்துவிட்டதாகக் கருதுகிறோம். ஆனால் படச்சுருளும் ஏட்டுச்சுவடியைப் போன்றதே. அதுவும் சிதையும், வெட்டப்படும், தவறான வடிவில் படியெடுக்கப்படும். அத்தகைய ஒரு படத்தின் வரலாற்றையே இக்கட்டுரை ஆராய்கிறது. 1958ஆம் ஆண்டில் பிரான்சில் வெளிவந்த அப்படத்தின் பெயர் ‘லே ஸமான்’. ‘காதலர்கள்’ என்பது அதன் பொருள். லூயி மால் இயக்கிய இப்படம் விருது பெற்றது, கண்டனத்திற்கு உள்ளானது, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது, அரை நூற்றாண்டு கழித்துச் செப்பனிடப்பெற்று, வீட்டில் இருந்தபடியே காணத்தக்க ஒளித்தட்டாகவும் வந்தது. இந்தப் பயணத்தில் அப்படத்தைப் பழித்தவர்கள் எதைக் கண்டனர், எதைக் காணத் தவறினர் என்பதே நாம் கருத வேண்டிய செய்தியாகும்.

மூலக்கதையும் படக்கதையும்

இப்படத்தின் வித்து பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. விவான் தெனோன் என்பவர் 1777ஆம் ஆண்டில் ஒரு சிறுகதையை எழுதினார். ‘மறுநாள் இல்லை’ என அதன் தலைப்பை மொழிபெயர்க்கலாம். இந்தத் தெனோனே பின்னர் நெப்போலியனுடன் எகிப்துக்குச் சென்று, அந்நாட்டின் பழஞ்சின்னங்களை ஓவியமாக வரைந்தவர். லூவர் அருங்காட்சியகத்தின் தலைவராகவும் விளங்கியவர். அவருடைய கதையில் உயர்குடிப் பெண் ஒருத்தி ஓர் இளைஞனைத் தன் கணவனின் மாளிகைக்கு அழைத்துச் செல்கிறாள். ஓரிரவு அவனோடு கூடிக் கழிகிறது. பொழுது விடிந்ததும் அவ்விளைஞன் ஓர் உண்மையை அறிகிறான். அவளுடைய உண்மையான காதலன் வேறொருவன். கணவனின் ஐயத்தைத் திசைதிருப்புவதற்கே தான் அழைக்கப்பட்டிருக்கிறான். அவன் தன் ஊருக்குத் திரும்புகிறான். அனைத்தும் பழையபடியே நடக்கின்றன. தலைப்பு உணர்த்துவது போல, அந்த இரவுக்கு மறுநாள் இல்லை.

எழுத்தாளர் லூயீஸ் த வில்மொரேன் அம்மையார் இக்கதையை இருபதாம் நூற்றாண்டுக்கு ஏற்ப மாற்றித் திரைக்கதையாக அமைத்தார். தலைவியின் பெயர் ஷான். ஷான் மொரோ என்னும் நடிகை அப்பாத்திரத்தை ஏற்றார். தலைவி தீஷோன் நகருக்கு அருகில் பெரிய மாளிகையில் வாழ்கிறாள். கணவன் ஒரு செய்தித்தாளின் உரிமையாளன். மனைவியை விடத் தொழிலையே பெரிதாக மதிப்பவன். அவர்களுக்கு ஒரு சிறுமகள் உண்டு. சலிப்புற்ற தலைவி அடிக்கடி பாரிசுக்குச் சென்று தோழியுடன் தங்குகிறாள். அங்கே போலோ விளையாட்டு வீரன் ஒருவனுடன் அவளுக்குத் தொடர்பு ஏற்படுகிறது. ஐயமுற்ற கணவன் அத்தோழியையும் அவ்வீரனையும் மாளிகைக்கு விருந்துக்கு அழைக்குமாறு கூறுகிறான்.

விருந்துக்குத் திரும்பும் வழியில் தலைவியின் கார் பழுதாகி நின்றுவிடுகிறது. பெர்னார் என்னும் இளம் தொல்பொருள் ஆராய்ச்சியாளன் தன் எளிய சிறுகாரில் அவளை அழைத்து வருகிறான். செல்வச் செருக்கை எள்ளி நகையாடும் அவ்விளைஞனும் அன்றிரவு மாளிகையில் தங்க நேர்கிறது. உறக்கம் வராமல் தோட்டத்தில் உலவும் தலைவி அவனை அங்கே சந்திக்கிறாள். நிலவொளியில் இருவரும் நடக்கின்றனர். ஓடையில் படகில் மிதக்கின்றனர். பிராம்ஸ் இயற்றிய முதல் நரம்பிசை அறுவர்குழுப் படைப்பு பின்னணியில் ஒலிக்கிறது. அவர்களின் கூட்டம் பற்றிய காட்சி அதன்பின் வருகிறது. மறுநாள் காலையில் கணவன், பழைய காதலன், தோழி ஆகிய மூவரும் பார்த்திருக்க, தலைவி பெர்னாருடன் அச்சிறுகாரில் ஏறிச் சென்றுவிடுகிறாள். மாளிகையில் அவள் விட்டுச் செல்வனவற்றுள் அவளுடைய குழந்தையும் அடங்கும். செல்லும் வழியிலேயே அவளை அச்சம் பற்றுகிறது. ஆயினும் அவள் வருந்தவில்லை.

மூலத்தையும் படத்தையும் ஒப்பிட்டால் ஒரு பெரிய வேறுபாடு புலப்படும். தெனோனின் கதையில் இரவு உண்டு, மறுநாள் இல்லை. மாலின் படத்தில் மறுநாள் உண்டு. ஓரிரவின் களியாட்டம் மேற்குடி மக்களின் வாழ்க்கை ஒழுங்கைக் கலைப்பதில்லை. யாரும் அறியாதவரை அந்த ஒழுங்கு அதைப் பொறுத்துக்கொள்ளும். போலோ வீரனை விருந்துக்கு அழைக்கவும் செய்யும். ஆனால் ஒரு பெண் பட்டப்பகலில் வாயிலைக் கடந்து வெளியேறினால் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். படத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

அன்றைய பிரான்சில் பெண்ணின் நிலை

அந்த வெளியேற்றத்தின் பொருளை உணர, 1958ஆம் ஆண்டில் பிரெஞ்சுச் சட்டம் மணமான பெண்ணை எவ்வாறு நடத்தியது என்பதை அறிய வேண்டும். பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தது 1945ஆம் ஆண்டில்தான். கணவனின் இசைவின்றி வேலைக்குச் செல்லவும், தன் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும் மணமான பெண்ணுக்கு உரிமை தந்த சட்டம் 1965ஆம் ஆண்டில் வந்தது. பிறன்மனை நாடுதல் 1975ஆம் ஆண்டு வரை குற்றவியல் சட்டத்தில் இடம்பெற்றிருந்தது. அதிலும் ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி. தவறிய மனைவிக்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கலாம். கணவனோ, வேறொரு பெண்ணைத் தன் இல்லத்திலேயே கொண்டுவந்து வைத்திருந்தால் மட்டுமே குற்றவாளி ஆவான். அப்போதும் அவனுக்கு அபராதமே தண்டனை.

இந்தச் சூழ்நிலையில்தான் தலைவி அச்சிறுகாரில் ஏறுகிறாள். அவள் இழப்பது செல்வத்தை மட்டும் அன்று. சட்டத்தின் பாதுகாப்பையும் மகளையும் இழக்கிறாள். படம் அவளைப் புகழவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. அக்காலப் படங்களில் கணவனைப் பிரிந்த பெண், இறுதிச் சுருளுக்குள் நோயாலோ விபத்தாலோ மடிவது பெருவழக்கு. மால் அவளை வாழவிட்டார். பலருக்கு இதுவே பொறுக்கவில்லை.

சங்க அகப்பாடல்களைப் பயின்றோர்க்கு இவ்விடத்தில் உடன்போக்கு நினைவுக்கு வரலாம். ஒப்புமையைக் காட்டிலும் வேற்றுமையே இங்குக் கருதத்தக்கது. உடன்போகும் தலைவி மணமாகாதவள். அவள் செல்வது கற்பு வாழ்வை நோக்கி. அன்றியும், அவள் பிரிந்த பின் தாயும் செவிலியும் புலம்பும் பாடல்களும் நம் தொகைநூல்களில் உள்ளன. பின்தங்கியோரின் துயருக்கு அங்கே குரல் உண்டு. மாலின் படத்தில் அச்சிறுமகளுக்கு அத்தகைய குரல் இல்லை. இதை ஒரு குறையாகக் கூறுவோர் உளர். அக்கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது.

வெனிஸ் நகரில்

இப்படத்தை இயக்கியபோது மாலுக்கு 26 வயது நிரம்பவில்லை. சர்க்கரை ஆலைச் செல்வர் குடும்பத்தில் பிறந்த அவர், தாம் நன்கறிந்த மேற்குடி வாழ்க்கையையே படத்தில் எள்ளினார். கடலாராய்ச்சியாளர் கூஸ்தோவுடன் இணைந்து அவர் உருவாக்கிய ‘அமைதி உலகம்’ என்னும் ஆவணப்படம் 1956ஆம் ஆண்டில் கான் விழாவின் உயரிய விருதைப் பெற்றிருந்தது. ‘காதலர்கள்’ 1958ஆம் ஆண்டின் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைப் பெற்றது. இத்தாலிய இயக்குநர் பிரான்செஸ்கோ ரோசியின் படம் ஒன்றும் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டது. பாராட்டுடன் கண்டனமும் எழுந்தது. கண்டித்தவர்கள் பெரும்பாலும் அந்த இரவுக் காட்சியையே பேசினர். இதன் பயனாக, தொண்ணூறு மணித்துளிகள் ஓடும் ஒரு படம் சில மணித்துளிகளின் பெயராலேயே உலகெங்கும் அறியப்படலாயிற்று.

ஒஹாயோ வழக்கு

அமெரிக்காவில் இப்படம் அடைந்த அனுபவம் சட்ட வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. அதை விளங்கிக்கொள்ள முன்வரலாறு சிறிது தேவை. 1915ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், திரைப்படம் ஒரு வணிகமே ஆகும். அச்சு நூல்களுக்குரிய கருத்துரிமை அதற்கு இல்லை எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு 37 ஆண்டுகள் நிலைத்தது. ரோசெல்லினியின் ‘அற்புதம்’ என்னும் இத்தாலியப் படத்தைப் பற்றிய வழக்கில், 1952ஆம் ஆண்டில்தான் அந்நிலை மாறியது. 1959ஆம் ஆண்டு சூன் திங்களில் மற்றொரு தீர்ப்பு வந்தது. ‘சாட்டர்லி சீமாட்டியின் காதலன்’ புதினத்தைத் தழுவிய பிரெஞ்சுப் படத்திற்கு நியூயார்க் மாநிலம் உரிமம் மறுத்திருந்தது. பிறன்மனைக் காதலைத் தகாதது எனக் காட்டவில்லை என்பதற்காக ஒரு படத்தைத் தடுக்க முடியாது. ஒரு கருத்தை எடுத்துரைப்பதே குற்றமாகாது என்றது நீதிமன்றம்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் ‘காதலர்கள்’ ஒஹாயோ மாநிலத்தை அடைந்தது. கிளீவ்லண்டு ஹைட்ஸ் நகரில் இருந்த ஒரு கலைப்படத் திரையரங்கின் மேலாளர் நிக்கோ ஜேக்கபெல்லிஸ் அதைத் திரையிட்டார். ஆபாசப் படத்தை வைத்திருந்தது, அதைக் காட்டியது என இரண்டு குற்றங்கள் அவர்மீது சாட்டப்பட்டன. முதற்குற்றத்திற்கு 500 டாலர், இரண்டாவதற்கு 2,000 டாலர் என அபராதம் விதிக்கப்பட்டது. கட்டத் தவறினால் உழைப்புச்சிறை. மாநில உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதிசெய்தது. இதே படம் அமெரிக்காவின் ஏறத்தாழ நூறு பெருநகரங்களில் காட்டப்பட்டிருந்தது. ஒஹாயோ மாநிலத்திலேயே கொலம்பஸ், டொலீடோ நகரங்களில் ஓடியிருந்தது. ஓர் ஊரில் கலையாக இருந்தது அடுத்த ஊரில் குற்றமாயிற்று.

நாட்டின் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கில் இருமுறை வாதங்களைக் கேட்டது. இறுதியில் 1964ஆம் ஆண்டு சூன் 22ஆம் நாள், ஆறுக்கு மூன்று என்னும் பெரும்பான்மையில் தண்டனையை நீக்கியது. நீதியரசர் பிரென்னன் தம் தீர்ப்பில் இரண்டு செய்திகளை வலியுறுத்தினார். ஒரு படைப்பு ஆபாசமா இல்லையா என்பதை உச்ச நீதிமன்றம் தானே அதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது ஒன்று. அதற்குரிய அளவுகோல் ஊருக்கு ஊர் மாறலாகாது. நாடு முழுமைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. மாநில அரசின் மறுப்பு, படத்தின் இறுதிப் பகுதியில் வரும் ஒரே ஒரு காட்சியை மட்டுமே பெரிதும் சார்ந்திருக்கிறது என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

இவ்வழக்கில் நீதியரசர் ஸ்டூவர்ட் தனியே எழுதிய சிறுகுறிப்பு பெரும்புகழ் பெற்றது. ஆபாசத்தின் எல்லையைச் சொற்களால் வரையறுக்கத் தம்மால் இயலாமற் போகலாம். ஆனால் கண்டால் தமக்குத் தெரியும். இப்படம் அத்தகையதன்று என்பது அதன் கருத்து. நேர்மையான கூற்று என இதனைப் பாராட்டியோர் உண்டு. ஒருவரின் கண்ணையே சட்டமாக்குவது முறையன்று எனக் குறைகூறியோரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. அவர் படத்தைப் பார்த்த பின்னரே பேசினார்.

வழக்கின் முடிவால் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 1973ஆம் ஆண்டில் மில்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு தழுவிய அளவுகோலைக் கைவிட்டு, அந்தந்தச் சமூகத்தின் அளவுகோலையே ஏற்றது. அதை எதிர்த்தவர்களுள் பிரென்னனும் ஒருவர். ஆபாசத்திற்குத் தெளிவான வரையறை காண்பது அரிது என்னும் முடிவுக்கு அப்போது அவரே வந்திருந்தார்.

வீட்டுக்குள் வந்த படம்

இதற்கிடையே வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. ஒருவர் தம் இல்லத்தின் தனிமையில் எதைப் படிக்கிறார், எதைப் பார்க்கிறார் என்பதற்காக அவரைத் தண்டிக்க முடியாது என 1969ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் கூறியிருந்தது. 1970களின் நடுவில் ஒளிநாடாக் கருவிகள் சந்தைக்கு வந்தன. அதுவரை அரங்கின் இருளில் பலரோடு அமர்ந்து கண்ட படத்தை, இனி வீட்டில் இருந்தபடியே காணலாம், நிறுத்தலாம், திருப்பிப் பார்க்கலாம்.

இதனால் நன்மையும் விளைந்தது, தீமையும் விளைந்தது. அகன்ற திரைக்காக எடுக்கப்பட்ட படம் ‘காதலர்கள்’. அதன் சட்டத்தின் அகலம் உயரத்தைப் போல் ஏறத்தாழ 2.35 மடங்கு. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் அகலமோ உயரத்தைப் போல் 1.33 மடங்கே. இத்தகைய படத்தைப் பெட்டி முழுவதும் நிறையுமாறு பதித்தால் பக்கங்களை வெட்டியாக வேண்டும். கணக்கிட்டால் பத்தில் நான்கு பங்கு படம் மறைந்துபோகும். விருந்து மேசையின் ஒரு முனையில் கணவனும் மறுமுனையில் காதலனும் அமர்ந்திருக்க, நடுவில் தலைவி படும் தவிப்பு, அவர்கள் மூவரையும் ஒருசேரக் கண்டால்தான் விளங்கும். தணிக்கையாளரின் கத்தரி நீளத்தைக் குறைத்தது; இம்முறை அகலத்தைக் குறைத்தது. முன்னதைக் கண்டு சினந்த பலர் பின்னதைக் கவனிக்கவே இல்லை.

2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம், செப்பனிடப்பெற்ற புதிய படியிலிருந்து இப்படத்தை டிவிடி ஒளித்தட்டாக வெளியிட்டது. செப்பனிடுதல் எத்தகைய பணி என்பதை மாணவர்கள் அறிதல் நன்று. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடுகிறது. தொண்ணூறு மணித்துளிப் படத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சத்து முப்பதாயிரம் சட்டங்கள் இருக்கும். பொதுவாக இப்பணியில், கிடைக்கும் சுருள்களுள் மூலத்திற்கு மிக நெருங்கியது எது என முதலில் ஆராய்வர். பின்னர் ஒவ்வொரு சட்டத்தையும் கணினியில் படியெடுப்பர். கீறல், தூசி, நடுக்கம் ஆகியவற்றை நீக்குவர். ஒலியில் கலந்த இரைச்சலைக் குறைப்பர். 1950களில் பயன்பாட்டுக்கு வந்த அசிட்டேட் சுருள், அதற்கு முந்திய நைட்ரேட் சுருளைப் போல எளிதில் தீப்பற்றாது. ஆனால் ஈரமும் வெப்பமும் மிகுந்த இடத்தில் வைத்தால் காடி நாற்றத்துடன் சுருங்கி நொறுங்கிவிடும். வெப்ப நாட்டினராகிய நமக்கு இது பாடமாக வேண்டிய செய்தியாகும்.

இப்பணியில் ஓர் எச்சரிக்கையும் தேவை. சுவடிப் பதிப்பில் தெளிவற்ற சொல்லைத் திருத்துகிறேன் எனப் புலவரின் சொல்லையே மாற்றிவிடும் பதிப்பாசிரியர் உண்டு. அதுபோலப் படத்தை மிகுதியாகத் துடைத்துப் பளபளக்கச் செய்தால், ஒளிப்பதிவாளர் அமைத்த மென்மை மறைந்துவிடும். ஆன்றி தெக்காயி இப்படத்திற்கு அமைத்த கறுப்பு வெள்ளை நிலவொளி, பகலைப் போலத் தெளிவாகிவிட்டால் அது நிலவொளி ஆகாது. குறையை நீக்குவதும் இயல்பைக் காப்பதும் ஒன்றையொன்று கெடுக்காமல் நடைபெற வேண்டும்.

முழுப்படத்தையும் அதன் முழு அகலத்தோடு இன்று காண்போர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. இதற்காகவா இத்தனை வழக்கு என அவர்கள் எண்ணக்கூடும். இன்றைய அளவுகோலில் அந்த இரவுக் காட்சி அடக்கமானது. காமிரா பெரும்பாலும் முகங்களையும் கைகளையுமே நோக்குகிறது. அதிர்ச்சி தணிந்துவிட்டது. ஆனால் விடியற்காலைக் காட்சியின் வலிமை தணியவில்லை. கணவனின் திகைப்பும், காரின் உள்ளிருந்து திரும்பிப் பாராமல் செல்லும் அப்பெண்ணின் முகத்தில் படரும் அச்சமும் இன்றும் நம்மை வினவுகின்றன. அவள் செய்தது சரியா? அக்குழந்தையின் கதி யாது? இவ்வினாக்களை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை.

சென்னையில் லூயி மால்

இப்பெயர் தமிழ்நாட்டோடும் தொடர்புடையது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. 1968ஆம் ஆண்டில் மால் இருவர் கொண்ட சிறு குழுவுடன் இந்தியாவில் சில திங்கள் பயணம் செய்தார். அதன் பயனாக ஏழு பகுதிகளைக் கொண்ட ஆவணப்படத்தொடர் உருவாயிற்று. அதன் ஒரு பகுதி சென்னையைப் பற்றியது. மயிலாப்பூர்த் தேர்த்திருவிழாவும், கலாட்சேத்திர மாணவியரின் நடனப் பயிற்சியும் அதில் பதிவாகியுள்ளன. ஏ. பி. நாகராசன் இயக்கிய ‘தில்லானா மோகனாம்பாள்’ படப்பிடிப்பையும் அவருடைய காமிரா கண்டது. தமிழ்த் திரை வரலாற்றுக்கு அது ஓர் அரிய ஆவணம்.

அத்தொடரை 1970ஆம் ஆண்டில் பிபிசி ஒளிபரப்பியபோது, இந்தியாவின் வறுமையை மிகுத்துக் காட்டுவதாக இந்திய அரசு கண்டித்தது. ஒளிபரப்பை நிறுத்த பிபிசி மறுத்ததால் அதன் தில்லி அலுவலகம் மூடப்பட்டது. மேனாட்டார் ஒருவரின் பார்வையில் பிழை இருக்கலாம். அதைச் சுட்டிக்காட்டும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் சில காட்சிகளை மட்டும் முன்னிறுத்தி முழுப் படைப்பையும் தள்ளிவிடும் அதே போக்கு இங்கும் நிகழ்ந்தது. அதன் நடுவே தமிழர் கலைகளைப் பற்றிய அப்பதிவும் நம் கவனத்திற்கு எட்டாமற் போயிற்று. இன்று அத்தொடரும் ஒளித்தட்டில் கிடைக்கிறது.

முடிவுரை

‘காதலர்கள்’ எல்லா வயதினருக்கும் உரிய படம் அன்று. வகுப்பறையில் அதைக் காட்ட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் நோக்கம் அன்று. யார் எதை எந்த வயதில் காணலாம் என வரையறுப்பது வேறு. ஒரு படைப்பைச் சிதைத்து, சிதைந்ததையே மூலம் எனக் காட்டுவது வேறு. முன்னது பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடமை. பின்னது வரலாற்றுக்குச் செய்யும் தீங்கு. திருக்குறளின் காமத்துப்பாலைப் பிஞ்சு மாணவர்க்கு நாம் கற்பிப்பதில்லை. அதற்காக அப்பாலை நூலிலிருந்து நீக்குவதும் இல்லை.

பழித்தவர்கள் அப்படத்தின் இரவை மட்டுமே பார்த்தனர். விற்றவர்களும் பல நேரங்களில் அந்த இரவையே விளம்பரம் செய்தனர். இரு சாராரும் ஒரே பிழையைச் செய்தனர் என்றே கூற வேண்டும். தெனோனின் கதைக்கு இல்லாத ஒரு மறுநாளை வில்மொரேன் அம்மையாரும் மாலும் படைத்தனர். அதைக் காண முழுப்படமும் தேவைப்பட்டது. செப்பனிடப்பெற்ற அவ்வொளித்தட்டு நமக்கு மீட்டுத் தந்திருப்பது அந்த மறுநாளையே ஆகும்.